மீசை வைத்த கதாநாயகி

பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் யாரையும் லேசில் நம்ப மாட்டார். போல்ட்டை முறுக்கிவிட்டேன் என்று ஒருத்தன் சொன்னால், தானும் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவரிடம் மருமகள் வந்து, டெப்போக்காரர்கள் பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள், சங்கக் கூடத்தில் திரையில் போட்டு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அந்தப் பேச்சும் படத்தோடு சேர்ந்துவிடுகிறது என்றாள். கண்டவன் படத்தைக் கண்டவன் பார்ப்பதில் என்ன பிரயோசனம், போனது திரும்பி வருமா என்று கேட்டார்.

"அத்தைக்காக வாங்க மாமா."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரிக்கு மறதி நோய். ஓயாமல் பேசுகிறவள், மழைக்காலம் தொட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் வாய்க்குப் பூட்டே கிடையாதா என்று அலுத்துக்கொண்டவர்தான். இப்போது அந்தப் பேச்சுக்காக எந்தப் பெட்டியையும் நம்பத் தயார்.

கூடத்தில் படங்கள் ஓடின. கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பழைய கண்டக்டர். விசில் என்று பட்டப்பெயர். சுறுசுறுப்புக்குக் கிடைத்த பெயர் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். கூட்டம் சிரித்துக் கிடந்தது. வீட்டுக்காரி மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. டெப்போ நாடகம். நடிக்கப் பெண் கிடைக்காமல் ஃபோர்மேனே கதாநாயகி. மீசையை எடுக்க மாட்டேன் என்று சாதித்து, முந்தானையால் வாயை மூடியபடி நிற்கிறார். தன்னிடமிருந்த பிரதியை அவர் என்றைக்கோ அடுப்பில் போட்டாயிற்று. விசிலிடம் ஒன்று இருக்கும் என்று யார் கண்டது?

"எடுடா அதை. உள்ளேயிருந்தே எடு," என்று எழுந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே என்று விசிலும் அழிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"அது என் புடவை."

சொன்னது வீட்டுக்காரி. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊக்கு கிடைக்கலைன்னு பஸ் சக்கரத்துப் பின்னை எடுத்துக் குத்திக்கிட்டாரு. ஒரே கிரீஸ். இன்னும் போகலை." விரல் விசில் பக்கம் திரும்பியது. "இந்தத் தம்பிதான் ஹீரோ. முந்தானை நழுவி மீசை தெரிஞ்சதும் வசனம் மறந்துபோச்சு. பாக்கெட்ல இருந்த விசிலை எடுத்து ஊதிட்டாரு, பஸ் கெளம்புற மாதிரி."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. விசிலுக்குப் புரையேறியது. திரைச்சீலை இழுத்தவன் தானே என்று ஒருவரும், ரைட் ரைட் என்று கத்தியது தான்தான் என்று இன்னொருவரும் எழுந்தார்கள்.

அடங்கியதும் மருமகள் மெதுவாக, படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும். அவ சொன்னது ஏறிச்சா?"

ஏறிவிட்டது என்றாள்.

"வாயால சொன்னாப் போதுமா? போட்டுக் காட்டு."

போட்டாள். இன்னொரு தடவை என்றார். வீட்டுக்காரி தன் குரலையே காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாருங்க இந்தம்மா? நல்லா வாயாடுறாங்களே."

"நம்ம வீட்டு ஆளுதான்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கேளு, இன்னும் பேசுவா."