மூன்று நாள் விருந்தாளி

ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கி நிமிர்ந்தபோது, வாசல் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வீட்டை ஒழுங்குபண்ண வேண்டும் என்று ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி வந்திருந்த அப்பாதான் போட்டார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்து காலையில் கண்ணை மூடிய அம்மா வெளியே இருந்தாள்.

அம்மாவின் தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தானுக்குப் புத்தி கலங்கிவிட்டது, கதவை உடைத்துவிடலாம் என்றார். மகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா போன அன்றே அப்பாவையும் தொலைத்துவிட்டோமா? காலையிலிருந்து அந்த மனுஷர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அப்பா இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். முதல்முறை எல்லையில் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பியபோது, தட்டு கீழே விழுந்தால்கூடப் பாய்ந்து எழுவாராம். எதற்கெடுத்தாலும் அதிகாரம். ஒரே மாதத்தில் அம்மா பெட்டி கட்டிவிட்டாள். கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஒரு சட்டமும் போட்டாள். போனவர் வேறு, வந்தவர் வேறு. வீட்டில் இருந்தவளும் மாறித்தான் இருப்பாள். ஆகவே வந்தவர் கதவைத் தட்ட வேண்டும். இருந்தவர் வீட்டில் மாறியதைச் சொல்ல வேண்டும், வந்தவர் தன்னிடம் மாறியதைச் சொல்ல வேண்டும். அப்புறம் மூன்று நாள், ஒரு புதுத் துண்டோடு, முன்னறைக் கட்டிலில் விருந்தாளி. அதற்குப் பிறகுதான் புருஷன் பெண்டாட்டி. தெருவே கேலி பண்ணியது. பள்ளிக்கூடத்தில் மகளுக்கு மானம் போனது. ஆனாலும் அதன்பின் ஏழு முறை போய்வந்த மனுஷர் ஏழு முறையும் தட்டினார்.

மாமாவை ஒதுக்கிவிட்டு அவள் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"யாரு?"

"அம்மா வந்திருக்காப்பா."

கதவு திறந்தது. அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு விறைப்பாக நின்றார். பார்வை அம்மாவை விட்டு நகரவில்லை.

"சமையக்கட்டுக் குழாய் இப்ப ஒழுகல, மாத்திட்டேன். உப்பு டப்பா கீழ்த்தட்டுல இருக்கு, மேல எடுத்தா எனக்குத் தோள் வலிக்குது. ரேடியோ போடவே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "போறது சுலபம்னு இப்பதான் தெரிஞ்சுது. இருக்கறதுதான் கஷ்டம். நீ எட்டு தடவ இருந்திருக்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இப்போது அம்மாவின் முறை.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நின்ற இரண்டு பேரும் அசையவில்லை. இப்படியும் இரண்டு பேர் வாழ்ந்திருக்கிறார்களே என்று மகளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்கா கூசினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைசியில் அப்பா, கேட்டுக்கொண்டவரைப் போல மெல்லத் தலையாட்டினார்.

"சரி. உள்ள வா."

முன்னறைக் கட்டிலில் வெளுத்த விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தலைமாட்டில் மடித்து வைத்திருந்த துண்டில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தது.