அண்ணி என்று கூப்பிட்ட பிள்ளை

பெற்ற பிள்ளை பெற்றவளையே "அண்ணி" என்று கூப்பிட்டால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த வீட்டில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கணவனுக்குக் கீழே மூன்று தம்பிகள். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. காலையில் கண் விழித்தால் போதும், "அண்ணி, துண்டு எங்க?", "அண்ணி, என் சட்டைய இவன் போட்டுக்கிட்டான்", "அண்ணி, பசிக்குது" என்று ஒரே அண்ணி மயம். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் காதில் வேறு என்னதான் விழும்? அவன் முதன்முதலாக வாயைத் திறந்து "அண்ணி" என்றபோது, தண்ணி கேட்கிறான் என்று நினைத்து மூன்று சித்தப்பன்களும் போட்டி போட்டுக்கொண்டு டம்ளரோடு ஓடினார்கள். அவன் டம்ளரைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்துக் கையை நீட்டினான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அவளும் சிரித்தாள். உள்ளே மட்டும் சுருக்கென்று இருந்தது. சுமந்து பெற்றவளுக்கு அம்மா என்று கேட்க ஆசை இருக்காதா? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன் அவனை மடியில் உட்கார வைத்து, "அம்மான்னு சொல்லு கண்ணா" என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இரண்டு நாள் சொன்னான். அப்புறம், "போ அண்ணி, நல்லாவே இல்ல" என்று எழுந்து போய்விட்டான். அதோடு அவளும் விட்டுவிட்டாள். மீசை முளைத்து வேலைக்குப் போகிற ஆளான பிறகும் தெருமுனையிலிருந்தே "அண்ணி, கதவத் தொற!" என்று கத்திக்கொண்டுதான் வருவான். புதிதாகக் குடிவந்தவர்கள் இவள் அவனுக்கு அண்ணி என்றே நினைத்துக்கொண்டார்கள். அவளும் யாரையும் திருத்தப் போகவில்லை.

கணவன் மாரடைப்பில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். மூத்த கொழுந்தன்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கடைக்குட்டிக் கொழுந்தன் மட்டும் போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக். பெண் பார்க்கலாம் என்றாலே, "இவன் காலேஜ் முடிக்கட்டும்", "இவனுக்கு வேலை கிடைக்கட்டும்" என்று அண்ணன் மகனைச் சாக்காகச் சொல்லியே தலை நரைத்துப் போனவன். ஊர் வாய் சும்மா இருக்குமா? இரண்டு வருஷம் பேசிப் பார்த்துவிட்டு, சுவாரஸ்யம் இல்லாமல் அதுவாகவே ஓய்ந்தது.

அண்ணி என்று கூப்பிட்ட அந்தப் பிள்ளைதான் ஒரு மழை நாளில் லாரிக்கு அடியில் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் வாய்க்குள் குழாய் வைத்திருந்தார்கள். அவள் கட்டிலருகே நின்றபோது அவன் கண்ணைத் திறந்தான். குழாய்க்கு மேலே உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது. சத்தம் வரவில்லை. "பேஷண்ட்ட பேச விடாதீங்க" என்று நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டாள். திரும்ப உள்ளே விடும்போது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி என்றுதான் கூப்பிட்டிருப்பான். வேறு என்ன சொல்லியிருப்பான்? ஆனாலும் காதால் கேட்கவில்லையே என்பதுதான் அவளை உள்ளே இருந்து அரித்துத் தின்றது. வேறு எதுவும் வேண்டாம் அவளுக்கு. ஒரே ஒரு தடவை அவன் வாயால் கேட்டுவிட்டால் போதும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கொழுந்தன் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்று, வழக்கம்போல் "அண்ணி" என்றான். ஒரே குடும்பத்துத் தொண்டை. அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். வந்து பார்த்து, நின்று, முகம் செத்துப்போய்த் திரும்பி உள்ளே போனாள். அன்றோடு அவன் அந்த வார்த்தையை விட்டுவிட்டான். "இந்தாங்க", "கேட்டுதா", "வந்து பாருங்க" என்று மொட்டையாகவே பேசப் பழகிக்கொண்டான். அந்த வீட்டில் அண்ணி என்று கூப்பிட ஆளே இல்லாமல் போயிற்று.

அவள் ஆல்ட்டரேஷன் கடையில் வேலை பார்த்தாள். நீளமான பேண்டைக் குறைப்பது, இறுக்கமான சட்டையைப் பிரித்து விடுவது, போன ஜிப்பை மாற்றுவது. கூடவே உட்கார்ந்து காஜா எடுக்கிற பெண்தான் அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். செத்துப்போனவர்களோடு பேச வைக்கிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாளாம். முன்னே ஏதோ பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள், அதனால் லைன்காரம்மா என்று பெயர். "எங்க வீட்டுக்காரரு வந்து பீரோ சாவி எங்க இருக்குன்னு சொன்னாருக்கா. உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல!" என்றாள் காஜாக்காரி.

கொழுந்தனிடம் சொன்னதும் அவன் சிரித்தான். "ஆமா, மேலோகத்துக்கு டவர் போட்டிருக்காங்களாக்கும்." ஆனாலும் தனியாக அனுப்ப மனசு வராமல் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அவன் மேலே ஏறவில்லை. "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் ஒத்து வராது. நான் கீழயே நிக்கிறேன்" என்றான்.

லைன்காரம்மா வீட்டில் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றும் இல்லை. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை. அறையில் தைல வாசனை. அம்மாளுக்கு நல்ல ஜலதோஷம், மடியில் ஒரு கைக்குட்டை. ஜன்னலைச் சாத்திவிட்டு, பழைய வேலையின் பழக்கம் போலிருக்கிறது, ஒரு கையைக் காதருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "லைன் கிடைச்சிருச்சு. சின்னப் பையன்தான். அம்மா, அம்மாங்கறான்" என்றாள்.

இவள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கேட்டாள். அழுகை வரவில்லை. கீழே வந்து, "அவன் இல்ல தம்பி. யார் பெத்த புள்ளயோ வந்து என்ன அம்மாங்குது" என்றாள். மனசு கேட்காமல் அடுத்த வாரமும் போனாள். அப்போதும் அம்மாதான். வாழ்நாளெல்லாம் ஏங்கிய வார்த்தை, யாரோ மாதிரி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தது.

"இனி போகல" என்று சொல்லிவிட்டாள். சோறு இறங்கவில்லை. கடையில் ஊசி ஏறிய விரலோடு உட்கார்ந்திருந்ததைக் காஜாக்காரி பார்த்துப் பதறினாள். கொழுந்தன் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனாகவே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவ போய்ப் பாருங்களேன்" என்றான். டவர் என்று கேலி பேசிய வாய்! அவளுக்கு ஆச்சரியம்தான். ஆனால் ஆசை பிடித்தவள் காரணம் கேட்பாளா? புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லைன்காரம்மா அன்று வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "என்னம்மா இது... அண்ணிங்கறான். அண்ணி, அண்ணின்னு கூப்பிடறான். யாரது அண்ணி?"

அவள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாம்மா. நான்தாண்டா கண்ணு. வந்துட்டியா? இவ்வளவு நாளா எங்கடா போயிருந்த?" கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. சந்தோஷம் என்று சொன்னால் அந்த வார்த்தை சின்னது.

"அண்ணி, எப்படி இருக்கீங்க?" என்றாள் லைன்காரம்மா, கரகரத்த தொண்டையில். "நேரத்துக்குச் சாப்பிடுங்க. மெஷின்ல ரொம்ப நேரம் குனிஞ்சு உக்காராதீங்க, கழுத்து வலி வந்துரும். எனக்காக அழாதீங்க அண்ணி."

அவள் பிடித்திருந்த கை பிடித்தபடியே இருந்தது. அழுகை மட்டும் நின்றுவிட்டது.

இருக்கீங்க. சாப்பிடுங்க. உக்காராதீங்க.

பிறந்ததிலிருந்து அவள் பிள்ளை அவளை ஒரு நாள்கூட நீங்க என்றதில்லை. வா அண்ணி, போ அண்ணி, உனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. சித்தப்பன்களிடம் வார்த்தையைக் கற்றுக்கொண்ட பயல் மரியாதையைக் கற்றுக்கொள்ளவில்லை. பெற்றவளிடம் எதற்கு மரியாதை? அண்ணி என்றும் சொல்லி, நீங்க என்றும் சொல்லி, கழுத்து வலிக்கும் என்று கவலையும் படுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் இப்போது ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறான்.

கோபம் வரவேண்டும், வரவில்லை. தன் வாயால் கூப்பிட்டால் அவளுக்கு வலிக்கும் என்று நிறுத்திக்கொண்டவன், அந்த வார்த்தையை இரண்டு மாடி சுமந்துகொண்டு வந்து, வேறொருத்தியிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதை நினைத்தபோது அவன்மேல் பாவமாக இருந்தது. அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது. பிள்ளை வரவில்லை. இன்றைக்கு வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, இனி எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. குழாய்க்கு மேலே அசைந்த உதடு என்ன சொன்னது என்று இனி ஒருவரும் அவளுக்குச் சொல்லப் போவதில்லை. அவள் அந்த அம்மாளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். லைன்காரம்மா தன் வேலை பலித்துவிட்டதென்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கொழுந்தன் பாதிப் படி ஏறி வந்தேவிட்டான். "வந்தானா?"

"வந்தான்."

"எப்படிக் கூப்பிட்டான்?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதான்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவளுக்கு. பைக்கைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தான். பூட்டிக் கிடந்த கடைகளைத் தாண்டிப் போகும்போது, கண்ணாடியைச் சரி செய்கிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான். "என்னப் பத்தி... ஏதாவது கேட்டானா?"

அவள் நின்றுவிட்டாள். இவனே எழுதிக் கொடுத்த நாடகம். இவனுக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் கேட்கிறான். பொய் என்று தெரிந்தவனுக்கே இவ்வளவு பசி என்றால், உள்ளே எவ்வளவு காய்ந்து கிடக்கும்? சுடுகாட்டில் ஓடியாடி எல்லாம் பார்த்தவன் இவன்தான். இவன் அழுது யாரும் பார்த்ததில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று அவளும் ஒரு நாள் கேட்கவில்லை.

"கேட்டானே" என்றாள். "'தாப்பா கீழயேதான் நிக்குதா? மேல வர பயமா அதுக்கு?'ன்னு கேட்டான்."

சித்தப்பா என்று சொல்ல நாக்குப் புரளாத வயதில் அவன் இவனைத் தாப்பா என்பான். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது இவன் வேலையாக இருந்ததால் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகு வெளியாள் முன்னால் சொல்லமாட்டான். மூன்று பேர் மட்டும் இருக்கும்போது சொல்வான்.

பைக் சாய்ந்து கைப்பிடி ஷட்டரில் இடித்தது. "தாப்பாவா? அத நான் அந்தம்மாகிட்ட சொல்லவே இல்லையே அண்ணி" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் காதில் விழாத மாதிரி நின்றாள். அவன் கடைப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். "அப்ப நெஜமாவே வந்திருக்கான். நெஜமாவே அவன்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வாரம் நானும் மேல வரேன் அண்ணி. நானே அவன்கிட்ட பேசறேன்."

"வேணாம் தம்பி. ரெண்டு பேர் போனா லைன் கிடைக்காதாம். உனக்கு என்ன கேக்கணுமோ என்கிட்ட சொல்லு. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். பிறகு மெதுவாக, "ரொம்ப வலிச்சுதான்னு கேளுங்க" என்றான்.

அத்தனை தடவை படியேறியும் அவள் கேட்கப் பயந்த கேள்வி அதுதான். சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்த அவனுக்கு ஒரு கை கொடுத்தாள்.

"அத இன்னைக்கே கேட்டுட்டேன்" என்றாள். "வலிக்கவே இல்லன்னு சொன்னான்."

அவன் நம்பினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனையோ நாளாக இறக்கி வைக்காத பாரத்தை இறக்கி வைத்தவன் போல ஒரு பெருமூச்சு விட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி வந்து சொல்ல ஆள் இல்லை.