யாரோ கூப்பிட்ட பந்து

புலம்பெயர்ந்து வந்து ரொக்ஸ்பரோவில் ஞாயிறு தோறும் உதைபந்தடிக்கிற யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு டங்கன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 2006இல் பயிற்சியாளராக வந்தார். தன் நாட்டில் கீழ்ப்பிரிவுக் கழகமொன்றில் தலை நரைக்கும்வரை கோல் காத்தவர். பிறகு இரண்டு சின்னக் கழகங்களுக்கு மனேஜராகி, இரண்டிலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். தொண்டைப் புற்றுநோய் குரலையும் பிடுங்கிக்கொண்டது. கழுத்தில் ஒரு சின்னக் கருவியை அழுத்தித்தான் பேசுவார். வண்டு இரைவதுபோல் இருக்கும். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் வாயை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். கோல் காப்பவன் “கீப்பர்” என்று கத்தினால், முன்னால் நிற்பவன் தலை குனிந்து பந்தை அவனுக்கு விட்டுவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. கண்ணைக் கட்டிக்கூட இதைப் பழக்கினார்.

வினை அங்கேதான் பிடித்தது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் “கீப்பர்” என்று சத்தம் வந்தது, தடுப்பில் நின்ற அல்பேட் பந்தை விட்டான், பந்து வலைக்குள் போனது. கோலில் நின்ற வசீகரனோ வாயே திறக்கவில்லை.

“நான் கூப்பிடேல்லை அண்ணை. அம்மாவாணை.”

“உன்ர குரல் இல்லைத்தான்,” என்றான் அல்பேட். “வெள்ளைக்காரக் குரல். ஆனா உனக்குப் பக்கத்திலயிருந்துதான் வந்தது. மற்றவங்களுக்கு நான் இதை எப்பிடிச் சொல்லுறது?”

மற்றவர்கள் நம்பவில்லை. இன்னொரு முறை நடந்தால் வசீகரன் வெளியே என்று முடிவாயிற்று. கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் மாடாய் உழைப்பவனுக்கு மனுசனாக இருக்கக் கிடைத்தது அந்தக் கம்பங்களுக்கு நடுவில் மட்டும்தான். அவனுக்கு அழுகையே வந்தது.

தன் காதிலும் அந்தக் குரல் விழுந்ததென்று டங்கனிடம் போய்ச் சொன்னான். எந்த நாட்டுச் சாயல் என்று கேட்டார். உங்கள் நாட்டுச் சாயல் என்றான். கிழவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கருவி இரைந்து இரைந்து கதை வந்தது. கோல் காத்த காலத்தில், ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவர் “கீப்பர்” என்று கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டபின் பயம் பிடித்து, கால் நகரவில்லை. ரோஸ் என்ற தடுப்பாட்டக்காரன் அவரை நம்பிப் பந்தை விட்டான். கோல். தான் கூப்பிடவே இல்லை என்று டங்கன் எல்லோரிடமும் சாதித்தார். பழி ரோஸின் தலையில் விழுந்தது. அதன்பின் ரோஸ் பந்தைத் தொடவில்லை. டங்கன் மன்னிப்புக் கேட்குமுன் செத்தும் போனான்.

இதை மற்றவர்களிடம் சொல்லுங்கள் என்று வசீகரன் கெஞ்சினான். டங்கன் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வசீகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறுதியாட்டத்தில் மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. அல்பேட் தூரத்தில், மற்றக் கம்பத்தடியில் நின்றான். வசீகரனின் பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. “கீப்பர்.”

கால் கல்லாகிவிட்டது. அன்று கூப்பிட்டுவிட்டு டங்கன் பந்துக்கு வரவில்லை, அதுதான் அவருடைய பழைய குரல் இன்னும் கூப்பிடுகிறது என்று அவனுக்குப் பட்டது. பாய்ந்தான். எட்டாத பந்து அது. முன்னால், யாரும் நிற்காத இடத்தில், அகன்ற முதுகொன்று குனிந்து வழி விட்டது. அந்தத் தோளின் குளிர் அவன் விலாவில் உரசியது. பந்து கைக்குள் இருந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். டங்கன் மட்டும் தள்ளி நின்றார். கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

ரோஸ் விட்டானா என்று கேட்டார்.

“ஓம்,” என்றான் வசீகரன். “இந்த முறையும் நம்பித்தான் விட்டவர்.”