பையில் வந்த பவளம்

ஒரகடத்து அறைக்குள் நுழைந்ததுமே இசக்கிசெல்விக்குக் குமட்டியது. ஷிப்ட் முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். நாற்றம் அசைந்து கொடுப்பதாக இல்லை.

"இன்னாம்மா, எலி கிலி செத்துக்கீதா? படிக்கட்டு வரைக்கும் கப்பு அடிக்குது!" வீட்டுக்காரி கிளியம்மாள் கீழேயிருந்து கத்தினாள்.

எலி இல்லை. கட்டிலுக்கடியில், புருஷன் நம்பிராஜனின் பையில், ஈரத் துண்டு சுற்றிய பவளம். முந்தாநாள், ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபம் பக்கத்துத் தீவில், கடலுக்கடியில் அவ்வளவு அழகாக இருந்தது. இப்போது பழுப்பாய்க் கொழகொழவென்று வடிந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

கல்யாணமாகி இருவரும் சேர்ந்து போன முதல் பயணம் அது. ஒரே கம்பெனிதான்; ஆனால் அவனுக்குக் காலை ஷிப்ட் என்றால் இவளுக்கு ராத்திரி. முகம் பார்ப்பதே அபூர்வம். போன மாதம், லைன் சூப்பர்வைசர் தமிழ்வாணன் பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்கிறான் என்று அழுதிருந்தாள். "நான் பாத்துக்கிடுதேன்" என்றான் நம்பிராஜன். பிறகு தீவுக்குப் போவோம் என்று அவனாகவே கூப்பிட்டதும், தன் மனசை ஆற்றத்தான் என்று நம்பிவிட்டாள் பைத்தியக்காரி.

கண்ணாடி பதித்த படகில் அவன் தோளில் சாய்ந்துகொண்டு மீன் பார்த்தாள். "இது கல்லு இல்ல, உசுரு. தொடாதீங்க, ஒடிச்சா கேசாயிரும்" என்று சொல்லித்தான் படகுக்காரர் இறக்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில் எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்டிருக்க, நம்பிராஜன் குனிந்து படக்கென்று ஒடித்துப் பைக்குள் போட்டான். அவள் முகம் சுளித்தாள். "உனக்குத்தாம்ட்டி" என்று கண்ணடித்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது பளபளக்கும் பரிசுத்தாளோடு வந்து உட்கார்ந்தான். பவளத்தின் மேல் சென்ட்டைப் பீய்ச்சினான். நாற்றத்தோடு மல்லிகையும் கலந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யாருக்கு இது?"

"தமிழ்வாணன் சாருக்கு. வீட்டுல மீன் தொட்டி வச்சிருக்காருல்லா? கொண்டான்னு லீவு குடுத்ததே அவருதான். பெர்மனென்ட்டுக்கு என் பேரைச் சொல்லுதேன்னுருக்காரு."

"நான் அழுதது?"

அவன் நிமிரவில்லை. "லைன்ல அப்படி இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

சமாதானமாய் அவள் தோளில் கை வைத்தான். விரல்களில் அந்தக் கொழகொழப்பு. லைனில் உரசும் உடம்பும் இந்தக் கையும் ஒன்றுதான் என்று அவளுக்கு அருவருத்தது. தட்டிவிட்டாள். கொடியில் கிடந்த துணிகளை அள்ளிப் பையில் திணித்தாள்.

"வாடை ரெண்டு நாள்ல போயிரும்ட்டி! எங்க கிளம்புதே?"

"தண்டலத்துல, என்கூட வேலை பாக்குற எழிலரசி ஹாஸ்டலுக்கு. நாளைக்குக் கம்பெனியில புகார் குடுக்கப் போறேன். இந்தப் பவளத்தையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

வாசலில் நின்று செருப்பு மாட்ட வேண்டியிருக்கவில்லை. அது காலிலேயேதான் இருந்தது.