சீமாட்டி கடித்த வேலி

சீமாட்டி மறுபடியும் வேலியைக் கடித்துவிட்டாள். சீமாட்டி என்றதும் யாரோ பெரிய வீட்டுப் பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம். வண்டிக்காரருடைய பழுப்புக் குதிரை அவள். மூட்டுவலி வந்து அவர் வண்டி ஓட்டுவதை விட்டதிலிருந்து கொல்லையில் சும்மா நிற்கிறாள். சும்மா நின்றாலாவது தேவலையே! பக்கத்து நாற்றுப்பண்ணையைப் பிரிக்கும் மரவேலியைக் கரும்பு மாதிரி கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

பண்ணைக்காரர் தங்கமான மனுஷன்தான். அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, வேலி விழுந்தா என் ரோஜாக் கன்னு மொத்தமும் அவ வயித்துக்குள்ளதான். இனிமே ஒரு கட்டை போச்சுன்னா அவளை எங்கயாவது அனுப்பிடுங்க, சொல்லிட்டேன்."

அனுப்புவதாவது! பெற்ற பிள்ளைகளைவிட அவளோடுதான் வண்டிக்காரர் அதிக நாள் கழித்திருந்தார்.

கட்டைகளில் மிளகாய் விழுது தடவினார். சீமாட்டி இரண்டு தும்மல் போட்டுவிட்டு அடுத்த கட்டைக்குப் போனாள். மேலே தகரம் அடித்தார். அடிப்பக்கமாகக் கடித்தாள். கால்நடை மருத்துவர் வந்து பல்லையும் வயிற்றையும் பார்த்து, "நோய் ஒண்ணும் இல்ல. வைக்கோலைக் கூட்டிப் போடுங்க" என்றார். வைக்கோலையும் தின்றாள், கட்டையையும் விடவில்லை.

கரக் கரக்கென்று சத்தம் கேட்டால் போதும், முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவர் மூட்டுவலியை மறந்து ஓடுவார். "அடியே! உனக்கு என்னடி கேடு?" என்று கத்துவார். வாயைத் திறந்து சிலாம்பு குத்தியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். கழுத்தைச் சொறிந்தபடியே திட்டித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்று துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி இதை முழுசாகப் பார்த்தாள். சீமாட்டி முதலில் கொல்லைக் கதவைப் பார்த்தாள். ஒரு கடி கடித்தாள். காதை விறைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை. இன்னும் பலமாகக் கடித்தாள். அவர் ஓடி வந்ததும் கட்டையை விட்டுவிட்டு அவர் கக்கத்தில் தலையை நுழைத்துக்கொண்டாள்.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னங்க, அவ பசிக்குக் கடிக்கல. உங்களைக் கூப்பிடுறா."

"உளறாதே."

"கடிச்சாத்தானே வர்றீங்க? ஒழுங்கா நிக்கும்போது என்னிக்காவது எட்டிப் பாத்திருக்கீங்களா?"

வண்டி இல்லாமல் சீமாட்டி முகத்தில் விழிக்கவே அவருக்குக் கூசியது என்பதை எப்படிச் சொல்வார்? அவளை வேலையற்றவளாக்கியது தன் கால்தானே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே நாற்காலியைக் கொல்லையில் போட்டு உட்கார்ந்தார். சீமாட்டி வேலியருகே வாயைத் திறந்தவள், அவரைக் கண்டதும் திரும்பி வந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். அவர் அழுதுவிட்டார். அப்புறம் தினமும் அங்கேதான் இருப்பு. வேலியில் புதிதாக ஒரு பல் தடம்கூட விழவில்லை. பண்ணைக்காரரே வந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும்ணே, அனுப்ப வேண்டாம்" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் பாத்திரங்கள் தடால் புடாலென்று உருண்டன.

"என்ன அங்க சத்தம்?" என்று கொல்லையிலிருந்து கத்தினார்.

"ஒண்ணுமில்ல. நானும் கட்டையைக் கடிச்சுப் பாக்கறேன்!"

வண்டிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியோடு சமையலறைக்குப் போனார்.