அனலினின்று பறித்த கை

கீழ்வானம் வெளுக்க, கலங்கரை விளக்கின் தீ ஞாயிற்றுக்கு நாணி மங்க, வடபால் உப்புக்கடலும் தென்பால் நன்னீர் ஏரியும் ஒருங்கே பொன்பூசிக் கிடந்த அலெக்சாந்திரிய மாநகரில், கோதுமைக் கதிர்க்கற்றை ஏந்திய கிரேக்க மகளிர் விளைச்சல் தெய்வமாகிய தெமேத்தர் அன்னையின் கோயில் நோக்கி நிரைநிரையாய் நடந்தனர். கற்றறிந்தீர்! அந்நிரையின் கடைசியில், பிறர் பாடத் தான் பாடாது, முள்மேல் நடப்பாள்போல் அடியெடுத்து வந்த நிக்கரேத்தையைக் காண்மின். ஆண்டுதோறும் மகிழ்ந்து வருபவள், இவ்வாண்டு நெஞ்சத்தே ஒரு பொய்யைச் சுமந்து வந்தாள்.

அப்பொய் பிறந்தது முன்னைத் திங்களில். அவளுடைய பச்சிளம் மகன் காய்ச்சலால் கனன்று துவண்டபோது, அவனுக்குப் பாலூட்டி வந்த எகிப்தியச் செவிலி தயேசி, நறும்பிசின் தூவிய அனற்சட்டிக்கு மேலே குழவியை ஏந்தி, புகை படுமாறு மெல்ல அசைத்து, தன் மொழியில் ஏதோ வேண்டி நின்றாள். வாயிலில் வந்து கண்ட நிக்கரேத்தை அலறிப் பாய்ந்து மகனைப் பறித்தாள். பறித்த விரைவில் அவள் முழங்கை பட்டுச் சட்டி கவிழ, தெறித்த கங்கொன்று குழவியின் தொடையைச் சுட்டது. ஓடிவந்த கணவன் பிலீத்தன், "யாரு செஞ்சது?" என்று உறுமினான்.

"இவதான். புள்ளைய நெருப்புல வாட்டுனா."

அச்சொல் எவ்வாறு தன் நாவில் ஏறிற்றென்று அவளே அறியாள். அறிந்தபின்னும் அதனைத் திரும்பப் பெற்றிலள். அண்டை மனைமகளிர் வினவியபோதும் அதையே கூறினாள். தயேசி ஏவலரால் தெருவில் தள்ளப்பட்டாள். காய்ச்சல் தணிந்தது, புண்ணும் ஆறிற்று. தாயின் உறக்கமோ மீளவில்லை.

கோயிலில் வழிபாட்டுத் தலைவி அன்னையின் பழங்கதையை உரைத்தாள். மகளைத் தொலைத்து மண்ணெங்கும் அலைந்த தெய்வம், எலூசிசு வேந்தன் மனையில் செவிலியாய் அமர்ந்து, அம்மனைக் குழவிக்குச் சாவாமை அருள விழைந்து அதனை அனலில் இட்டதும், பெற்றவள் கண்டு அலற, அருள் பாதியில் அறுந்ததும் கேட்டு மகளிர் கண்ணீர் உகுத்தனர். ஆண்டுதோறும் தெய்வத்தின் பக்கம் நின்று அக்கதையைக் கேட்ட நிக்கரேத்தைக்கு, அன்று அரசியின் அலறல் தன் குரலிலேயே ஒலித்தது. கதிர்க்கற்றையை அருகிருந்தவள் கையில் திணித்துவிட்டு வெளியேறினாள்.

தயேசியைத் தேடி அவள் சென்ற எகிப்தியர் பகுதியில், அவர்தம் அன்னைத் தெய்வமாகிய ஐசிசின் கோயில் முற்றத்தில், தயேசியும் பெண்டிர் சிலரும் வாற்கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தனர்.

"என்னம்மா, வழி தப்பிட்டியா? உங்க சாமி அந்தப் பக்கம்ல இருக்கு!" என்றாள் ஒருத்தி, ஏனையோர் நகைத்தனர்.

தயேசி நகைத்திலள். "புள்ள எப்படியிருக்கான்?" என்றாள்.

"பொழச்சிட்டான். தயேசி, சட்டிய நான்தான் தட்டிவிட்டேன். அப்பவே எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்மா. நானும் அங்கதானே நின்னேன்."

"நீ செஞ்சத எங்க தெமேத்தரே செஞ்சிருக்கா. இன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது."

"உங்க சாமியுமா? எங்க ஐசிசு அம்மா புருசன் பொணத்தத் தேடிப்போய், பிப்ளோசு ஊரு அரண்மனையில செவிலியா இருந்து இதத்தான் செஞ்சா. அங்கயும் ராணி பாத்துக் கத்திட்டா." தயேசி கைம்மாவை உதறினாள். "ரெண்டு பேருமே கத்தத்தான் செஞ்சாங்க. நீங்க கத்துனது தப்பில்லம்மா, நானா இருந்தாலும் கத்தியிருப்பேன். ஆனா தான் சுட்டத எந்த ராணியும் செவிலி தலையில போடல."

"திரும்பி வந்துடு தயேசி."

"எதுக்கு? பால் வத்திப்போச்சு. எந்த வீட்லயும் எங்கையில புள்ளையக் குடுக்க மாட்டேங்குறாங்க. எங்கிட்டச் சொல்லி என்னம்மா? பொய்ய எங்க சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

நண்பகலில், கணவனும் விருந்தினரும் உண்டுகொண்டிருந்த கூடத்தில் நிக்கரேத்தை நடந்ததைச் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு? ஒரு எகிப்துக்காரிக்காக என் மானத்த வாங்குறியே, வாய மூடு!" என்றான் பிலீத்தன்.

மூடினாளல்லள். அன்று மாலைக்குள் தெருவின் ஒவ்வொரு வாயிலிலும் நின்று, பொய்யுரைத்த அதே நாவால் மெய்யுரைத்தாள். சிலர் கதவடைத்தனர், சிலர் வியந்தனர், மூன்றாம் வீட்டுக்காரி மட்டும், பால்குடி மறந்த தன் மகளைப் பார்த்துக்கொள்ளத் தயேசியை அழைத்துக்கொண்டாள்.

கடல்கடந்து வந்த தெய்வமும் ஆற்றங்கரைத் தெய்வமும் கதையில் ஒன்றாதல் எளிது. தீங்கிழைத்தவளும் தீங்குற்றவளும் ஒரு தெருவில் எதிர்ப்பட்டு நடத்தல் அரிது. எதிர்ப்படும்போதெல்லாம் தயேசி குழவியின் நலம் கேட்பாள். பொறுத்தேன் என்னும் சொல்லை ஒருநாளும் உரைத்திலள். அதனை வேண்டும் உரிமை தனக்கில்லையெனத் தெளிந்து, நிக்கரேத்தையும் கேட்டிலள்.