கழுத்துக்கு ஆறு விநாடி

எங்கள் ரைபிள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். "இர்மா ஸ்கார் சூடு காட்டித் தந்த தோட்டா உறைகளை இந்த மைதானத்தில் பயன்படுத்தக் கூடாது. அவரை உறுப்பினராக வைத்திருப்பதா என்பது ஞாயிறு மதியக் கூட்டத்தில் முடிவாகும்." கீழே தலைவர் டெல்மாரின் கையெழுத்து. பதினாறு வருடமாக அங்கே சுடுகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். முந்தின சனிக்கிழமை பயிற்சியில் வெண்டல் பிராட் நாலாவது குண்டைச் சுட்டபோது தோட்டா உறையின் அடிப்பக்கம் பிளந்துவிட்டது. முன்னால் போக வேண்டிய நெருப்பும் காற்றும் கொஞ்சம் பின்னால் வந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. கன்னத்தில் ஒரு நாணய அகலத்துக்கு வெந்துபோனது. தோட்டாவை உள்ளே வைத்து அடைக்கும் ரைபிள் பூட்டு இறுகிக்கொண்டது. அந்த உறைகளுக்கு மூன்று வாரம் முன்பு சூடு காட்டித் தந்தவள் நான். அவ்வளவுதான் விசாரணை. முடிந்துவிட்டது.

கூட்டத்தில் எனக்குப் பேசக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். இங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

சுட்டு முடித்ததும் வெளியே விழும் பித்தளை உறையை நாங்கள் தூக்கி எறிவதில்லை. கழுவி, அளவுக்குக் கொண்டுவந்து, தட்டினால் பொறி பறக்கும் புதுக் கேப்பை அடிக்குழியில் வைத்து, வெடிமருந்து போட்டு, புதுக் குண்டைச் செருகி மறுபடி சுடுவோம். ஒவ்வொரு முறை சுடும்போதும் உறையின் கழுத்து ஊதி விரிகிறது. ஒவ்வொரு முறை தயார் செய்யும்போதும் அதை அச்சில் அழுத்திச் சுருக்குகிறோம். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிப் பாருங்கள். முதலில் வளையும், பிறகு விறைக்கும், கடைசியில் ஒடியும். பித்தளையும் அப்படித்தான். ஐந்தாறு தடவைக்குப் பிறகு கழுத்து விறைத்து, குண்டை ஒரு உறை இறுக்கமாகப் பிடிக்கும், இன்னொன்று தளர்வாகப் பிடிக்கும். அறுநூறு கஜத்துக்கு அப்பால் அந்த வித்தியாசம் ஒரு சாண் தள்ளிப் போய் விழும். இன்னும் விட்டால் கழுத்து பிளந்துவிடும்.

அதற்குத்தான் சூடு காட்டுவது. கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி நெருப்பில் காட்டினால் விறைப்பு போய்விடும். ஆனால் அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது. வெடிக்கும்போது வரும் அழுத்தத்தை எல்லாம் தாங்குவது அந்த அடிதான். அது விறைப்பாக இருப்பதால்தான் நம் முகம் முகமாக இருக்கிறது. கழுத்து இளக வேண்டும், அடி இளகக் கூடாது. இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்த ஒரு வரிதான்.

நான் மர ஆலையில் இருபத்திரண்டு வருடம் ரம்பத்துக்குப் பதம் பார்த்தவள். உலோகத்துக்கு எவ்வளவு சூடு போகிறது என்பதை ஊகத்தில் விடமாட்டேன். உறையை டிரில்லின் முனையில் இருக்கும் குழியில் நிற்க வைத்து மெதுவாகச் சுற்றவிட்டு, கேஸ் டார்ச்சின் சுடரைக் கழுத்தில் காட்டுவேன். ஆறு விநாடி. பிறகு ஈரத் துணியில் கவிழ்த்துவிடுவேன். எஃகை நீரில் போட்டால் விறைக்கும் என்று கேட்டுப் பழகியவர்கள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள். பித்தளை அப்படி விறைக்காது. ஈரத் துணி, சூடு கீழே இறங்காமல் தடுக்க மட்டும். ஒவ்வொரு ஐம்பதிலும் முதல் மூன்று உறைகளில் சூட்டின் அளவைக் காட்டும் மையைத் தடவிப் பார்ப்பேன். கழுத்துக்குள் தடவிய மை எழுநூற்றைம்பது பாரன்ஹீட்டில் உருகும், அது உருக வேண்டும். தோளுக்குக் கீழே தடவியது நானூற்றைம்பதில் உருகும், அது உருகக் கூடாது. உருகினால் அந்த உறையை நசுக்கிப் போட்டுவிட்டுச் சுடரைத் திருத்துவேன். வெண்டலின் ஐம்பதைச் செய்த அதே மதியம், அதே சுடரில் என்னுடைய ஐம்பதையும் செய்தேன். அவற்றில் இருபதை அதற்குள் சுட்டும் விட்டேன்.

இதைத்தான் ஞாயிறு கூட்டத்தில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது நிமிடத்தில் டெல்மார் கையைத் தூக்கினார்.

"இர்மா, நீங்க வகுப்பு எடுக்க வேணாம். எங்களுக்கும் பித்தளை தெரியும்."

"தெரிஞ்சா பலகையில ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருப்பீங்க தலைவரே."

"பாதுகாப்பு விஷயம். உடனே செய்ய வேண்டியதாப் போச்சு."

"சரி, பாதுகாப்பே பேசுவோம். வெண்டலோட உறை எங்க?"

பத்துத் தோட்டாதான் வெண்டல் அன்றைக்குத் தயார் செய்திருந்தார். நாலு சுட்டாயிற்று. மீதி ஆறைக் கமிட்டி பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தது. இன்னும் கேப்பு வைக்காத நாற்பது வெற்று உறைகள் வெண்டலின் லாரியில், மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தன. யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் என் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை.

வெண்டல் கன்னத்தில் பிளாஸ்திரியோடு போய் எடுத்து வந்தார். உறைகள் கண்ணாடி போலப் பளபளத்தன. நான் கொடுத்தபோது ஒவ்வொன்றின் தோளுக்குக் கீழும் நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் இருந்தது. இப்போது அது இல்லை.

"நல்லாத் துலக்கியிருக்கீங்க," என்றேன்.

"எஃகு ஊசியோட டப்பாவில போட்டு உருட்டினேன். அழுக்கா இருந்தா எனக்குப் பிடிக்காது."

"அது சரி. அழகுப் போட்டிக்கா அனுப்பப் போறீங்க," என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

ஆலையில் நாங்கள் வைத்திருந்த ஒரு சின்னச் சாமானைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு அடி நீளக் குழாய். அதற்குள் நழுவி விழும் கூர்முனைக் கம்பி ஒன்று. குழாயை உலோகத்தின் மேல் நிறுத்தி, கம்பியை மேலிருந்து விட்டால் ஒரு புள்ளி விழும். எப்போதும் ஒரே எடை, ஒரே உயரம். அதனால் உலோகம் எவ்வளவு இளகலோ அவ்வளவு பெரிய புள்ளி. இதைவிட எளிமையான அளவுகோல் கிடையாது.

மூன்று உறைகளை மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஒன்று பெட்டி பிரிக்காத புதுசு. ஒன்று அன்றைக்கு நான் எனக்காகச் சூடு காட்டியது. ஒன்று வெண்டலுடையது. மூன்றிலும் கேப்பு இல்லை என்பதை எல்லாருக்கும் காட்டினேன். கேப்புக் குழியை விட்டு விளிம்புப் பக்கமாகக் குழாயை வைத்தேன்.

"நீங்க வேணும்னே ஓங்கிப் போடுவீங்க," என்றார் டெல்மார்.

"அப்ப நீங்களே போடுங்க."

அவர் போட்டார். புதுசில் குண்டூசித் தலை அளவு புள்ளி. என்னுடையதில் அதே அளவு. வெண்டலுடையதில் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. இரண்டு மடங்கு இருந்தது. டெல்மார் இன்னொரு உறையை எடுத்துப் போட்டார். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தார்.

"எல்லாத்துலயும் அடி இளகியிருக்கு," என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஆமா. அடி இளகணும்னா உறை மொத்தமும் ரொம்ப நேரம் சூட்டுல கிடந்திருக்கணும். ஆறு விநாடி கழுத்துல காட்டினா அடியில விரலைச் சுடுற அளவுகூட சூடு இருக்காது. அதுக்கு வேற நெருப்பு வேணும். வெண்டல், என்கிட்ட வாங்கிட்டுப் போனப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கழுவினேன். காய வெச்சேன்."

"எதுல காய வெச்சீங்க?"

வெண்டல் குனிந்து மஞ்சள் பெட்டியின் மூடியை மூடினார். எலுமிச்சைப் பலகாரத் தட்டோடு சுற்றி வந்துகொண்டிருந்த அவர் மனைவி மார்லிஸ் நின்றாள்.

"ஓவன் கதவு பூட்டிக்கிச்சே, அன்னைக்கா?"

"மார்லிஸ், நீ போ."

"எங்க போறது? நாலு மணி நேரம் கதவு திறக்கல. கோழியைப் பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வேக வெச்சேன். வீடு பூரா என்னமோ கருகின வாசனை. கேட்டா பித்தளை காயுதுன்னார்."

எங்கள் ஊரில் பாதிப் பேர் உறைகளை ஓவனில்தான் காய வைப்பார்கள். இருநூறு டிகிரி பாரன்ஹீட்டில் அரை மணி நேரம் வைத்தால் ஒன்றும் ஆகாது. வெண்டல் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டார். கடைசியில் இருப்பது ஓவன் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் முறை. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், தொள்ளாயிரத்துக்குப் பக்கமாகச் சூடு ஏறும், ஆறும்வரை திறக்காது. உறைகள் பழுப்பேறி வெளியே வந்தன. அதைத்தான் அவர் ஊசி போட்டுத் துலக்கியிருக்கிறார்.

"பழுப்பா வந்தப்ப என்ன நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"சூடு காட்டுறது நல்லதுதானே. இன்னொரு தடவை காட்டின மாதிரின்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "முதல் மூணு குண்டுல பூட்டு திறக்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றார்.

"அப்பவே நிறுத்தியிருக்கலாம்."

"நாலாவது சரியாப் போகும்னு பார்த்தேன்."

"அப்புறம் நான் சூடு காட்டினதுதான் காரணம்னு சொன்னீங்க."

"நான் உங்க பேரைச் சொல்லல. யாரு சூடு காட்டினாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"ஓவனைப் பத்தி யாரும் கேக்கலயா?"

"கேக்கலையே."

  அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கு ஒரே கேள்விதான் தெரிந்திருக்கிறது.

டெல்மார் தொண்டையைச் செருமினார். "சரி. உறுப்பினரா இர்மா தொடர்ந்து இருக்கலாம்னு நான் முன்மொழியறேன். அறிவிப்பை எடுத்துடறோம். யார் மேலயும் குத்தம் இல்ல. அந்த உறையை எல்லாம் பழைய பித்தளை வாளியில போட்டுடலாம். இதோட விட்டுடுவோம்."

ரெண்டு பேர் கையைத் தூக்கியே விட்டார்கள்.

"கையை இறக்குங்க," என்றேன். "வாளியிலயா போடுவீங்க?"

அந்த வாளியை அறிந்தவர்களுக்கு என் கோபம் புரியும். எங்கள் ஆட்கள் பளபளக்கும் பித்தளையைக் குனிந்து எடுக்காமல் தாண்டிப் போனதை நான் பார்த்ததில்லை. பழைய பித்தளை வாளி என்று பெயர்தான். மாலையில் ஆளாளுக்கு அதில் கைவிட்டுத் துழாவுவார்கள். வெண்டலின் உறைகள் அங்கேயே அழகானவையாக இருந்திருக்கும். ஒரு வாரத்தில் அவை வேறு யாருடைய ரைபிளிலோ இருக்கும், அப்போதும் என் பெயரைத்தான் பலகையில் ஒட்டுவார்கள்.

"நாற்பதையும் இங்கேயே வைஸ் இடுக்கியில நசுக்கணும். பூட்டி வெச்சிருக்கிற ஆறையும் குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, கேப்பை எடுத்துட்டு நசுக்கணும். நசுக்கி முடிக்கிற வரைக்கும் நான் வீட்டுக்குப் போகல. நீங்களும் போகல."

வெண்டல்தான் முதலில் எழுந்தார். சன்னல் ஓரத்து வைஸில் ஒவ்வொன்றாக வைத்துப் பிடியைச் சுற்றினார். நல்ல உறையை அடிக்கு மேலே அழுத்தினால் எதிர்க்கும், விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். இவை ஈயத் தகடு போலப் படிந்தன. பத்தாவது உறையில் வெண்டலின் முகம் வெளுத்தது. கன்னத்துப் பிளாஸ்திரியை விரலால் தொட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு டெல்மார் வந்து பிடியை வாங்கிக்கொண்டார். மார்லிஸ் ஒரு நசுங்கிய உறையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதையா முகத்துக்குப் பக்கத்துல வெச்சு சுட்டீங்க," என்றாள். 

நசுக்கி முடித்ததும் டெல்மார் ஒரு காகிதத்தில் எழுதினார். "தோட்டா உறைகள் குறித்த ஐயங்கள் நீங்கின." நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது முறை எழுதினார். "விபத்துக்குக் காரணம் உறைகள் அதிகச் சூடு பட்டது." அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுல என்ன தப்பு?"

"எங்க சூடு பட்டுச்சு, யாரு காட்டினாங்க. அதை விட்டா படிக்கிறவங்க நான்தான்னு நினைப்பாங்க. ஓவனை எழுதுங்க. நாளைக்கு இன்னொருத்தர் குமிழைத் திருப்புவார்."

"வெண்டலுக்குக் கஷ்டமா இருக்கும்."

"எழுதுங்க டெல்மார்," என்றார் வெண்டல். "நான்தான் போட்டேன்."

மூன்றாவது முறை எழுதினார். ஓவன், தொள்ளாயிரம் டிகிரி, வெண்டல் பிராட், இளகிய அடி, எல்லாம் இருந்தது. "இர்மா ஸ்கார் செய்த வேலையில் குற்றம் இல்லை" என்ற வரி கடைசியில் இருந்தது. அதை மேலே கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். பழைய அறிவிப்பு இருந்த இடத்திலேயே அந்தக் காகிதத்தை நான் என் கையால் ஒட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை, கடைசிவரை.

வெளியே காருக்குப் பக்கத்தில் டெல்மார் பின்னால் வந்தார். கையில் ஒரு பெட்டி இருந்தது.

"சனிக்கிழமை போட்டி இருக்கு. என்னோடது அறுபது உறை. கழுத்து எல்லாம் விறைச்சுப் போச்சு. நேரம் இருந்தா..."

பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. பிளந்த கழுத்துக்கு இனிச் சூடு காட்டிப் பயனில்லை; அதை அவருக்குக் காட்டினேன். பெட்டியை மூடி அவர் கையிலேயே வைத்துவிட்டு, காரைக் கிளப்பினேன்.